ஐந்து முகங்கள், ஒரு குடும்பம்: செவெரஸ் காலத் தெனாரியஸ் தொகுப்பு, வாங்கியவரின் மதிப்புரை

சென்ற இலையுதிர் காலத்தில், இலண்டனில் இயங்கும் ஒரு பழநாணய வணிகரின் இணையக் கடையிலிருந்து ஐந்து உரோமானிய வெள்ளி நாணயங்கள் அடங்கிய தொகுப்பொன்றை 425 பவுண்டு கொடுத்து வாங்கினேன். பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ், அவர் மனைவி யூலியா டோம்னா, மூத்த மகன் கரகல்லா, இளைய மகன் கேட்டா, கரகல்லாவின் மனைவி பிளாட்டில்லா ஆகிய ஐவரும் ஆளுக்கொரு நாணயத்தில் இருப்பார்கள் என்பது விளம்பரம். ஐவரும் வந்து சேர்ந்தார்கள். ஆனால் வந்த ஐந்தில் ஒன்று வெள்ளி நாணயமே அன்று. அது எப்படித் தெரியவந்தது என்பதையும், எஞ்சிய நான்கும் கொடுத்த பணத்துக்குப் பெறுமா என்பதையும் இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பிணக்கு ஒருவாறு தீர்ந்துவிட்டது. தவிரவும், இதே வகைத் தொகுப்பை இதே சொற்களில் விளம்பரம் செய்து விற்பவர்கள் பலர் இருக்கிறார்கள்.

விளம்பரத்தின் முதல் வரியிலேயே ஒரு பிழை இருந்தது. ‘தூய வெள்ளி’ என்று போட்டிருந்தார்கள். தெனாரியஸ் என்னும் இந்த நாணயம் கி.மு. 211 அளவில் உரோமில் வெளிவரத் தொடங்கியபோது ஏறத்தாழத் தூய வெள்ளியாக இருந்தது உண்மை. ஆனால் கி.பி. 64இல் நீரோ அதன் எடையையும் வெள்ளியின் அளவையும் குறைத்தார். பின்வந்தவர்கள் அவ்வப்போது இன்னும் குறைத்தார்கள். செவெரஸோ ஆட்சிக்கு வந்த ஓரிரு ஆண்டுகளுக்குள், அதாவது 194–195 அளவில், வெள்ளியைப் பாதிக்குச் சற்று முன்பின்னாக இறக்கிவிட்டு மீதியைச் செம்பால் நிரப்பினார். படைவீரர்களின் ஊதியத்தை உயர்த்தியவருக்கு நாணயம் ஏராளமாகத் தேவைப்பட்டது; கிடைத்த வெள்ளியை நீட்டிப் பரப்புவதைவிட எளிய வழி வேறு இல்லை. எனவே செவெரஸ் காலத் தெனாரியஸை வாங்குபவர் கொலுசு வெள்ளியின் பளபளப்பை எதிர்பார்க்கக் கூடாது. சற்றே மஞ்சள் ஏறிய சாம்பல் நிறம்தான் அதன் இயல்பு. மிகையாகப் பளிச்சிட்டால், யாரோ அதை அமிலத்தில் முக்கி எடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

விலை ஏன் இவ்வளவு மலிவு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 1,800 ஆண்டுப் பழமையுள்ள பொருள் ஒன்று 60, 70 பவுண்டுக்குக் கிடைப்பது அவர்களுக்கு நம்ப முடியாததாக இருக்கிறது. இந்த நாணயங்கள் அரியவை அல்ல என்பதுதான் காரணம். பல்கேரியாவில் ரெகா தெவ்னியா என்னும் ஊரில் 1929இல் கிடைத்த ஒரே புதையலில் மட்டும் எண்ணிப் பதிவு செய்யப்பட்டவை 80,000க்கும் மேல். அவற்றில் மிகப் பெரும்பாலானவை தெனாரியஸ்கள். ஆகவே இந்த வகையில் நாம் பணம் கொடுப்பது பழமைக்கு அன்று. முகம் எவ்வளவு தெளிவாக நிற்கிறது என்பதற்குத்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டால் விற்பனையாளர்களின் ‘அரிய வாய்ப்பு’ என்ற பேச்சில் விழாமல் தப்பலாம்.

நாணயங்கள் ஒரு மரப்பெட்டியில், நீல வெல்வெட்டில் வெட்டிய ஐந்து வட்டக் குழிகளில் வந்தன. கூடவே தங்க நிற எழுத்தில் ‘உண்மைத்தன்மைச் சான்றிதழ்’ ஒன்று. அதில் பட்டியல் எண் இல்லை, எடை இல்லை, விட்டம் இல்லை, எந்த அக்கசாலையில் அடிக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லை, முன்பு யாரிடம் இருந்தது என்ற ஒரு சொல்லும் இல்லை. கையொப்பம் மட்டும் பெரிதாக இருந்தது. நாணயத்தை அறிந்தவருக்கு இந்தக் காகிதத்தால் பயனில்லை; அறியாதவருக்கோ இது பொய்யான நிம்மதியைத் தரும். பெட்டியும் அப்படித்தான்: வெல்வெட்டுக் குழிக்குள் அழுத்தி வைத்த நாணயத்தின் பின்பக்கத்தைப் பார்க்க நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. வந்த அன்றே ஐந்தையும் வெளியே எடுத்து, நூற்றில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். செவெரஸ் 3.41 கிராம், யூலியா 3.18, கரகல்லா 3.27, கேட்டா 3.36. பிளாட்டில்லா மட்டும் 2.39.

அதற்கு முன் மற்றவற்றைப் பார்த்துவிடுவோம். செவெரஸின் நாணயம் தொகுப்பிலேயே நன்றாக அடிக்கப்பட்டது. இன்றைய லிபியாவில் உள்ள லெப்திஸ் மாக்னாவில் பிறந்த ஆப்பிரிக்கர் அவர். 193இல் உள்நாட்டுப் போரின் நடுவே அரியணையைப் பிடித்தார். நுனியில் பிளவுபட்டுச் சுருள்சுருளாகத் தொங்கும் தாடி ஒவ்வொரு இழையாகத் தெரிகிறது. பின்பக்கத்தில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரின் தெய்வமான காயெலெஸ்திஸ், கையில் இடிப்படையும் செங்கோலும் ஏந்தி, ஓடும் சிங்கத்தின் மேல் அமர்ந்திருக்கிறாள். சிங்கத்தின் காலடியில் பாறையிலிருந்து நீர் பாய்கிறது. கார்த்தேஜுக்குப் பேரரசர்கள் காட்டிய பேரருள் என்று சுற்றெழுத்துச் சொல்கிறது. பேரரசரைக் குறிக்கும் ‘அவுக்’ என்னும் சுருக்கத்தின் இறுதி எழுத்து அதில் இரண்டு முறை வருவதைக் கவனிக்க வேண்டும்: ஒரே நேரத்தில் பேரரசர்கள் இருவர், தந்தையும் மூத்த மகனும், என்பதற்கு உரோமானியர் கையாண்ட எழுத்துக் குறி அது. சிங்கத்தின் முகம் மழுங்கியிருக்கிறது, ஆனால் அது தேய்மானம் அன்று. அடிக்கும்போதே அச்சு அந்த இடத்தில் சரியாகப் பதியவில்லை. இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

யூலியா டோம்னாவின் நாணயம் சுமார். சிரியாவின் எமெசாவில், இன்றைய ஹோம்ஸ் நகரில், சூரியக் கோயில் பூசாரியின் மகளாகப் பிறந்தவர் யூலியா. நெற்றியிலிருந்து அலையலையாக இறங்கி, காதை மூடி, பின்னந்தலையில் அகன்ற கொண்டையாகத் திரளும் அவருடைய தலையலங்காரம்தான் இந்நாணயங்களை அடையாளம் காண முதல் வழி. என்னுடையதில் கொண்டை தெளிவாக உள்ளது, கன்னம் தேய்ந்துவிட்டது. பின்பக்கத்தில் பலிபீடத்தின் முன் இரு கைகளையும் உயர்த்தி நிற்கும் பியெத்தாஸ், அதாவது கடமைப்பற்றின் தெய்வ உருவம். விலைக்கேற்ற நாணயம், அவ்வளவே.

கரகல்லாவின் நாணயத்தைப் பார்த்துத்தான் நான் இத்தொகுப்பையே தேர்ந்தெடுத்தேன். கரகல்லா என்றாலே புருவம் நெரித்து, கழுத்துத் தசை முறுக்கேறி, எதிரே நிற்பவனை முறைக்கும் முகம் நினைவுக்கு வரும். பிற்கால நாணயங்களும் சிலைகளும் அதைத்தான் காட்டுகின்றன. இதில் இருப்பவனோ எட்டு ஒன்பது வயதுச் சிறுவன். உருண்டைக் கன்னம், குட்டை மூக்கு, மேலங்கியின் மடிப்புக்கு மேல் மெல்லிய கழுத்து. பின்பக்கத்தில் கைப்பிடிக் கரண்டி, கோடரி, குடம், வளைதடி முதலிய பூசைக் கருவிகள் வரிசையாக இருக்க, ‘செவெரஸின் மகன்’ என்னும் பொருள்பட எழுத்துகள் சூழ்ந்திருக்கின்றன. கரகல்லா என்ற பெயரை எந்த நாணயத்திலும் தேட வேண்டாம். அது அவன் விரும்பி அணிந்த, கால் (Gaul, இன்றைய பிரான்சு) நாட்டு முக்காட்டு அங்கியால் வந்த பட்டப்பெயர். செவெரஸ் தம்மைப் பழைய பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸின் மகன் என்று 195இல் தாமே அறிவித்துக்கொண்டு, அந்த வம்சத்தின் பெயரைத் தம் மூத்த மகனுக்குச் சூட்டினார். ஆகவே நாணயத்தில் அவன் ஆன்டோனினஸ். வம்சத்தையே கடன் வாங்கிய குடும்பம் என்பதால்தானோ என்னவோ, இவர்கள் அளவுக்குத் தங்கள் முகங்களை ஒருவர் விடாமல் நாணயத்தில் அடித்துப் பரப்பிய உரோமானியக் குடும்பங்கள் குறைவு.

இப்போது பிளாட்டில்லா. படத்தில் ஐந்திலும் அழகானது இதுதான்: பின்னல்களை இறுக்கி வாரிய பதினான்கு பதினைந்து வயதுப் பெண்ணின் முகம், பின்பக்கத்தில் அவளும் கரகல்லாவும் வலக்கை பற்றி நிற்கும் திருமணக் காட்சி, சுற்றிலும் ‘என்றென்றும் நிலைக்கும் இணக்கத்திற்கு’ என்னும் வாசகம். எடை 2.39 கிராம் என்றதும் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை எடுத்தேன். தாடைக்குக் கீழே, எழுத்தொன்றின் ஓரத்தில், கடுகில் பாதி அளவுக்கு ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் பச்சைக் களிம்பு. விளிம்பைத் திருப்பிப் பார்த்தால், வெள்ளித் தோல் ஒன்று ஓரிடத்தில் மெல்லிய தாளைப் போல மடிந்திருந்தது. செம்பு வில்லைக்கு மேல் வெள்ளித் தகடு போர்த்தி அடித்த நாணயம் அது. உரோமானியர் காலத்திலேயே கள்ள நாணயக்காரர்கள் செய்த வேலை. அன்றைய நாணயமாற்றுக்காரர்களையே ஏமாற்றியிருக்கக்கூடிய கைத்திறன்.

கடைக்கு எழுதினேன். வந்த மறுமொழியை இன்றும் வைத்திருக்கிறேன். முலாம் பூசிய நாணயமும் அதே காலத்துப் பழம்பொருள்தான் என்றும், அதைச் சேகரிப்போர் தனியே உண்டு என்றும், எனவே ‘உண்மைத்தன்மைச் சான்றிதழ்’ பொய்யாகாது என்றும் எழுதியிருந்தார்கள். முதலிரண்டும் உண்மையே, அத்தகைய நாணயங்களைத் தேடி வாங்குபவர்களை எனக்கே தெரியும். ஆனால் செல்லாக்காசை நல்ல காசின் விலைக்கு விற்றுவிட்டு, அதுவும் அந்தக் காலத்துச் செல்லாக்காசுதானே என்பது வாதமாகாது. படத்தை எடுக்கும்போது தராசில் ஒரு முறை வைத்திருந்தால் அவர்களுக்கே தெரிந்திருக்கும். மூன்று கடிதங்களுக்குப் பிறகு வேறொரு பிளாட்டில்லாவை அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். திருப்பி அனுப்பிய காப்பீட்டு அஞ்சல் செலவை மட்டும் நான் சுமந்தேன். மாற்றாக வந்தது 3.30 கிராம், அதே திருமணக் காட்சி, முகம் முன்னதைவிடச் சற்று மங்கல். வைத்துக்கொண்டேன்.

நாணயத்தில் உள்ள ‘இணக்கம்’ எத்தகையது என்பதை அக்காலத்துச் செனட்டரும் வரலாற்றாசிரியருமான காசியஸ் டியோ எழுதிவைத்திருக்கிறார். பிளாட்டில்லா, செவெரஸின் மெய்க்காவல் படைத் தலைவரான பிளாட்டியானஸின் மகள். அவள் கொண்டுவந்த சீதனம் ஐம்பது அரசகுலப் பெண்களுக்குப் போதுமானது என்கிறார் டியோ. 202இல் திருமணம் நடந்தது. கரகல்லாவோ மனைவியையும் மாமனாரையும் ஒருசேர வெறுத்தான். 205 சனவரியில் பிளாட்டியானஸ் அரண்மனைக்குள் கொல்லப்பட்டபோது, அவருடைய தாடியிலிருந்து பிடுங்கிய சில மயிர்களை யாரோ யூலியாவிடமும் பிளாட்டில்லாவிடமும் எடுத்துவந்து, ‘இதோ உங்கள் பிளாட்டியானஸ்’ என்று காட்டினார்களாம். ஒருத்திக்கு மகிழ்ச்சி, மற்றவளுக்குத் துயரம். பிளாட்டில்லா லிப்பாரித் தீவுக்கு நாடு கடத்தப்பட்டாள். செவெரஸ் இறந்ததும் கரகல்லா அவளைக் கொல்வித்தான். எனவே அவளுக்கான நாணயங்கள் சுமார் மூன்றாண்டுக் காலத்தில் அடித்தவை மட்டுமே. ஐவரில் அவள் நாணயத்துக்கு விலை கூடுவதும், முலாம் பூசியதைக்கூட ஒரு கடை கவனமின்றி விற்றுவிட முடிவதும் அந்தத் தேவையால்தான்.

கேட்டாவின் நாணயத்தைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. நாணயம் என்ற அளவில் இதில் எனக்குக் குறை இருக்கிறது: மிகையாகத் துலக்கியிருக்கிறார்கள். முடியின் பள்ளங்களில் இருக்க வேண்டிய கருமை முழுவதும் போய், பரப்பு பாத்திரம் விளக்கியது போல நுண்கீறல்களோடு மின்னுகிறது. இணையத்தில் போட்ட படத்தில் ஒளியைச் சாய்த்துப் பிடித்து இதை மறைத்திருந்தார்கள். ஆனாலும் முகம் தப்பியிருக்கிறது. அண்ணனைவிட ஒரு வயதுக்குக் குறைவாகவே இளையவன். அண்ணனின் சிறுவயது நாணயத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எழுத்தைப் படிக்காமல் இன்னார் இவர் என்று பிரிப்பது கடினம்.

பின்பக்கத்தில் வெற்றிச் சின்னத்தின் அருகே இளவரசன் நிற்கிறான். எழுத்து ‘இளைஞர்களின் தலைவன்’ என்கிறது. இந்தப் பட்டம் தமிழ்நாட்டு நாணய ஆர்வலர்களுக்குப் புதிதன்று. அகஸ்டஸ் தம் பேரப்பிள்ளைகளும் தத்துப்பிள்ளைகளுமான கையஸ், லூசியஸ் இருவரையும் அதே பட்டத்தோடு குறித்து, அவர்கள் கேடயங்களும் ஈட்டிகளும் நடுவே இருக்க நிற்பதாக ஒரு தெனாரியஸை லுக்துனும் நகரில், இன்றைய லியோனில், அடிக்கச் செய்தார். கொங்கு நாட்டுப் புதையல்களில் அகஸ்டஸின் நாணயங்கள் என்று கிடைப்பவற்றில் இந்த வகையே மிகுதி. அது நல்ல வெள்ளி. மிளகுக்கும் மணிக்கும் விலையாகக் கடல் கடந்து வந்தது. இருநூறு ஆண்டுக்குப் பின் அதே பட்டம், பாதி செம்பில்.

211 பிப்ரவரியில், பிரித்தானியப் போர்க்களத்திலிருந்து திரும்பி எபொராக்குமில், இன்றைய யார்க் நகரில், செவெரஸ் இறந்தார். ஒற்றுமையாக இருங்கள், படைவீரர்களைச் செல்வராக்குங்கள், மற்ற யாரையும் பொருட்படுத்தாதீர்கள் என்பது பிள்ளைகளுக்கு அவர் சொன்ன கடைசிச் சொல் என்று டியோ எழுதுகிறார். அந்த ஆண்டு முடிவதற்குள் கரகல்லாவின் ஆட்கள் கேட்டாவைத் தாயின் மடியிலேயே வெட்டினார்கள். தடுத்த யூலியாவின் கையிலும் காயம். அதன்பின் கேட்டாவின் பெயரும் உருவமும் எங்கெல்லாம் இருந்தனவோ அங்கெல்லாம் அழிக்க ஆணை பிறந்தது. பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கும் வட்டமான மரப்பலகை ஓவியத்தில் தந்தை, தாய், மகன் மூவரும் அப்படியே இருக்க, நான்காவது முகம் மட்டும் சுரண்டப்பட்டிருக்கிறது.

உரோமுக்குச் சென்றிருந்தபோது, வெலாப்ரோவில் புனித ஜார்ஜ் தேவாலயத்தின் சுவரோடு ஒட்டி நிற்கும் ஒரு சிறு வளைவைத் தேடிப் போய்ப் பார்த்தேன். 204இல் இந்தக் குடும்பத்தைப் போற்றி அதை எழுப்பியவர்கள் வேறு யாருமல்லர், நாணயமாற்றுக்காரர்களும் மாட்டு வணிகர்களும்தான். உள்பக்கச் செதுக்கல் ஒன்றில் செவெரஸும் யூலியாவும் பலிபீடத்தருகே நிற்கிறார்கள். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்கு வெறும் கல். அங்கே இருந்தவன் கேட்டா. எதிர்ப்பக்கத்தில் கரகல்லா தனியாக நிற்கிறான். அவனருகே இருந்த பிளாட்டில்லாவும் அவள் தந்தையும் இருந்த இடங்கள் வெறுமையாக்கப்பட்டிருக்கின்றன. உளி பட்ட தடத்தைக் கீழிருந்தே பார்க்கலாம்.

நாணயங்களையும் கரகல்லா விட்டுவைக்கவில்லை, கேட்டாவின் முகம் உள்ளவற்றை உருக்கினான் என்று டியோ சொல்கிறார். கீழை மாகாணங்களின் செப்பு நாணயங்கள் சிலவற்றில் கேட்டாவின் தலை மட்டும் உளியால் செதுக்கி நீக்கப்பட்டிருப்பது அந்தக் கூற்றுக்கு ஓரளவு துணை நிற்கிறது. ஆனால் வெள்ளியில் ஆணை செல்லவில்லை. பிரித்தானியா முதல் சிரியா வரை வீரர்களின் பையிலும், மண்ணுக்கடியில் புதைத்த பானையிலும் கிடந்த காசுகளை யார் போய் எடுப்பது? கல்லில் இன்று ஒன்றாக இல்லாத ஐந்து முகங்களும் ஒரே வரிசையில் இருப்பது இத்தகைய தொகுப்பில்தான். பெட்டியும் சான்றிதழும் வீண் என்று சொல்லும் நானே தொகுப்பை வாங்கியதற்காக வருந்தாமல் இருப்பது அதனால்தான்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். தொகுப்பாக வாங்காதீர்கள், தனித்தனியாக வாங்கினால் இதே ஐந்தும் அறுபது எழுபது பவுண்டு குறைவாகவே முடிந்திருக்கும், ஒவ்வொரு முகத்தையும் பார்த்துத் தேர்ந்திருக்கவும் முடியும். எடையும் விட்டமும் எழுதாத கடையில் கேட்டு வாங்குங்கள். மூன்று கிராமுக்கு மிகவும் கீழே இறங்கினால் விளக்கம் கேளுங்கள். விளிம்பின் படம் கேளுங்கள்: வார்ப்பில் செய்த இக்காலப் போலிக்குப் பெரும்பாலும் விளிம்பில் அரம் தேய்த்த தடம் இருக்கும், பரப்பில் சோப்புக்கட்டியின் வழுவழுப்பு இருக்கும். அச்சில் அடித்த போலிகளும் வருகின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க அனுபவம் வேண்டும், ஆகவே தொடக்கத்தில் விலை கூடினாலும் காலவரையற்ற உத்தரவாதம் தரும் கடைகளை விட்டு நகராதீர்கள். அமெரிக்க நாணயவியல் கழகம் பேரரசுக் கால நாணயங்களுக்கென்று நடத்தும் இலவச இணையப் பட்டியலில் சுற்றெழுத்தை உள்ளிட்டால் வகை, காலம், அக்கசாலை எல்லாம் படத்தோடு கிடைக்கும். என் சான்றிதழ் சொல்லாத அனைத்தையும் அரை மணி நேரத்தில் அங்கே எடுத்தேன்.

எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்பது நல்லது. இங்கிலாந்தில் மண்ணில் கிடைக்கும் 300 ஆண்டுக்கு மேற்பட்ட வெள்ளி நாணயங்கள் இரண்டோ அதற்கு மேலோ ஒன்றாக இருந்தால் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அறிவித்தாக வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல இயலாது. என் கடைக்காரரிடம் இதைக் கேட்டபோது, ‘ஐரோப்பியச் சேகரிப்பு’ என்ற இரண்டு சொல்லுக்கு மேல் பெயரவில்லை. அந்த இரண்டு சொல்லுக்காகவே ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண்தான் தருகிறேன். நாணயங்களுக்கு மட்டும் என்றால் நான்கு.

மாற்று நாணயத்தோடு அவர்கள் ஒரு விலைப்பட்டியலும் வைத்து அனுப்பியிருந்தார்கள். அதில் செவெரஸின் தெனாரியஸ் ஒன்று: பின்பக்கத்தில் நேர்முகமாகப் பார்க்கும் யூலியா, அவருக்கு இருபுறமும் ஒருவரையொருவர் நோக்கியபடி இரண்டு பிள்ளைகள், மேலே ‘காலத்தின் இன்பம்’ என்னும் எழுத்து. நால்வரும் ஒரே காசில். விலை என் தொகுப்பைப் போல எட்டு மடங்கு. எடை போட்டிருக்கவில்லை. எடை என்ன என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இதை எழுதும் வரை பதில் வரவில்லை.